பெட்ரோல் மாறிவிட்டது, பராமரிப்பு மாறவில்லை

மைசூரில் இன்று ஒரு காருக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் போட்டால் அதில் ஏறத்தாழ ஒரு லிட்டர் எத்தனால். 2003-ல் சில மாநிலங்களில் ஐந்து சதவீதக் கலப்பாகத் தொடங்கிய திட்டம், 2022 ஜூனில் பத்து சதவீதத்தைத் தொட்டது. இருபது சதவீதம் கலந்த இ20 பெட்ரோலைப் பிரதமர் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் அறிமுகம் செய்தார். 2030-க்கென்று முதலில் வைத்திருந்த இலக்கு 2025-லேயே எட்டப்பட்டுவிட்டதாக அரசு அறிவித்தது. இருபது ஆண்டுகளில் பெட்ரோலின் குணமே மாறியிருக்கிறது. கார் வைத்திருப்பவர்களின் பழக்கம் மட்டும் கார்புரேட்டர் காலத்திலேயே நிற்கிறது. ஆயில் மாற்றுவது, கழுவித் துடைப்பது, மெக்கானிக் சொன்னால் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றுவது. எரிபொருள் பராமரிப்பு என்றால் பலருக்கு இவ்வளவுதான்.

எரிபொருள் போகும் பாதையை முதலில் பார்த்துவிடலாம். பெட்ரோல் காரில் பின்சீட்டுக்கு அடியில் டேங்க். அதற்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் மின்மோட்டார் பம்ப். பம்பின் வாயில் கசடு புகாமல் தடுக்கும் சல்லடைத் துணி. அங்கிருந்து ஃபில்டர், குழாய், இன்ஜெக்டர்கள் வரிசையாகப் பொருந்தியிருக்கும் ரெயில். சாதாரண பெட்ரோல் காரில் இந்தப் பாதையின் அழுத்தம் மூன்று, நான்கு பார். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதிய வகை எஞ்சின்களில் அது நூறு பாரைத் தாண்டும். இன்றைய காமன் ரெயில் டீசல் எஞ்சின்களில் 1,600 பாருக்கும் மேல். டீசல் இன்ஜெக்டரின் துளை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும். தலைமுடியைவிடச் சிறிது பெரிது. இப்படிப்பட்ட பாதையில் துரு, தண்ணீர், பிசின், கரி என்று எது சேர்ந்தாலும் முதலில் மைலேஜ் இறங்கும், பிறகு பிக்கப் குறையும், கடைசியில் வண்டி நடுவழியில் நிற்கும்.

எத்தனால் இந்தப் பாதைக்குள் வந்ததும் மூன்று விஷயங்கள் மாறின. அது நல்ல கரைப்பான். பழைய டேங்கின் சுவரில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த பிசினை இளக்கிவிடும். இளகிய கசடு போய்ச் சேரும் இடம் ஃபில்டர். பழைய காருக்குப் புதுக்கலப்பு பெட்ரோல் பழகத் தொடங்கிய முதல் சில மாதங்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இது காரணமாக இருக்கலாம். அடுத்து, எத்தனால் தண்ணீரை இழுக்கும். மூன்றாவதாக, எத்தனாலுக்கென்று தயாரிக்கப்படாத ரப்பர், கார்க், துத்தநாகக் கலவை, ஈயம் பூசிய தகடு ஆகியவற்றை அது மெல்ல மெல்ல அரிக்கும் அல்லது உப்ப வைக்கும்.

இவற்றில் தண்ணீர் விஷயம்தான் அதிகம் பேசப்படுகிறது, அதிகம் தவறாகவும் புரிந்துகொள்ளப்படுகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலில் தண்ணீர் கரையாது. கனமாக இருப்பதால் டேங்கின் அடியில் போய்த் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். பத்து சதவீதக் கலப்பில் இந்த அளவு சுமார் அரை சதவீதம். இருபதில் இன்னும் கூடுதல். அந்த எல்லைக்குள் இருக்கும் தண்ணீர் எரிந்து புகையோடு போய்விடும் என்பதால் சிறிதளவு ஈரத்துக்கு இ20 நல்லதே செய்கிறது. எல்லையைத் தாண்டினால்தான் சிக்கல்: தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் ஒரு தனி அடுக்காக நிற்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்து. ஆகவே எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடுக்குதான். வண்டி கிளம்பாது; கிளம்பினாலும் திணறி நின்றுவிடும். மூடி சரியாக இறுகும் இன்றைய கார்களில், காற்றின் ஈரத்தால் மட்டும் இந்த நிலை வருவது அரிது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ, பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்குள் மழைநீர் இறங்கியிருந்தாலோ, மாதக்கணக்கில் வண்டி கால் டேங்க்கோடு நின்றிருந்தாலோ அபாயம் உண்மை.

மாதக்கணக்கில் நிற்பது என்பது மைசூருக்குப் பொருந்தும் கவலை. ஓய்வுபெற்றவர்கள் வந்து தங்கும் ஊர் என்று நெடுங்காலமாகப் பெயர் பெற்ற நகரம் இது. குவெம்பு நகர், சரஸ்வதிபுரம், ஜெயலட்சுமிபுரம் போன்ற பகுதிகளில் வீட்டு முகப்பில் துணி போர்த்தி நிற்கும் கார்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் பெங்களூருவிலோ வெளிநாட்டிலோ. காருக்கு வாரத்தில் ஒரு நாள் காய்கறி வாங்கப் போகும் வேலை. தசரா நாட்களில் அரண்மனையைச் சுற்றிய சாலைகளில் போக்குவரத்தைத் திருப்பிவிடும்போது அதுவும் கிடையாது. ஊரின் மழையும் ஒரே பருவத்தில் கொட்டி முடிவதில்லை. மே மாதத்தில் ஒருமுறை வலுக்கும், செப்டம்பர் அக்டோபரில் மீண்டும் வலுக்கும்.

நிற்கும் வண்டிக்குப் பலர் செய்யும் வைத்தியம், காலையில் வாசலிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது. பேட்டரிக்கும் இதனால் பெரிய பயனில்லை, எஞ்சினுக்குக் கெடுதல். குளிர்ந்த எஞ்சினுக்கு இன்ஜெக்டர்கள் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். எஞ்சின் முழுச் சூடாவதற்குள் நிறுத்திவிட்டால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், வால்வின் முதுகில் கரி படியும், சைலன்ஸரில் நீர் தேங்கும். வாரம் ஒருமுறை வெளிவட்டச் சாலையில் அரைமணி நேரம் ஓட்டி வருவது, தினமும் ஐந்து நிமிடம் உறுமவிடுவதைவிட எவ்வளவோ மேல். ஒரு மாதத்துக்கு மேல் வெளியூர் போகிறவர்கள் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போவது நல்லது. உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும்.

கார்புரேட்டர் காலத்தில் இந்தக் கவலைகளுக்கெல்லாம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதுமாயிருந்தது. யாதவகிரியிலிருந்த ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி பைக்குகளைச் செய்து தள்ளியது. மைசூர்க்காரர்கள் ஒரு தலைமுறைக்கு மெக்கானிக் வேலை படித்தது அந்த வண்டிகளில்தான் என்று சொல்லலாம். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றும் இரட்டை வீச்சு எஞ்சின். ஜெட் அடைத்தால் கழற்றி, ஊதி, மாட்டிவிட்டுப் போய்விடலாம். அந்த வண்டிகளை இன்றும் அருமையாக வைத்திருப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இ20 அவர்களுக்குத்தான் மிகப் பெரிய தலைவலி. மிதவைக் கிண்ணத்தின் துத்தநாகக் கலவை, பெட்ரோல் குழாயின் வாஷர், இரும்பு டேங்க் என்று எத்தனாலுக்கு ஆகாத பொருட்களாகவே அமைந்த வண்டி அது. நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணைப்பது எளிய பாதுகாப்பு. பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, முதல்காலத்து மாருதி 800 ஆகிய கார்களுக்கும் நிலைமை இதேதான்.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது கிலோ போதும். கலப்பு கூடும்போது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் கொடுத்தாக வேண்டும். இன்ஜெக்டர் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து இன்ஜெக்டரைச் சற்று நேரம் கூடுதலாகத் திறக்கச் சொல்லும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். இன்ஜெக்டர் வண்டியிலும் அந்தத் திருத்தத்துக்கு எல்லை உண்டு. பத்து சதவீதப் பெட்ரோலில் குறை தெரியாமல் ஓடிய அரைகுறை அடைப்புள்ள இன்ஜெக்டர், இருபதில் தள்ளாடத் தொடங்குவது இதனால்தான். மைலேஜ் குறைந்ததற்கு முழுப்பழியையும் எத்தனால் மீது போடுகிறவர்கள் இன்ஜெக்டரையும் ஃபில்டரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

எத்தனாலின் பங்கும் பொய்யல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் இ20 ஊற்றினால் மைலேஜ் ஆறு முதல் ஏழு சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021-ம் ஆண்டு அறிக்கையே சொன்னது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் உதிரிபாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பெட்ரோல் மூடிக்கருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கையேட்டையும் பார்த்தால் எந்த அளவுவரை ஊற்றலாம் என்பது தெரியும். அதற்கு முந்தைய கார்களுக்கு, நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு, இருபதாயிரம் முப்பதாயிரம் கிலோமீட்டர் வாக்கில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. செலவு சொற்பம் என்றும் சேர்த்துச் சொன்னது. ரப்பர் டியூபின் விலை சொற்பம்தான். டேங்க்கை இறக்கி மாற்றும் கூலியும், கசிவு தெரியாமல் போனால் வரும் தீ அபாயமும் சொற்பமல்ல.

ரப்பரைப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பானெட்டைத் திறந்து பெட்ரோல் டியூபை விரலால் அழுத்திப் பார்த்தால் புதியது இறுக்கமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். கெட்டது பிசுபிசுக்கும், கொழகொழக்கும், வளைக்கும்போது மேல்தோலில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். கிளிப் இருக்கும் இடத்தில் ஈரக்கறை இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். மாற்றும்போது கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் டியூபை வாங்கிப் போடுவது வீண். எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் உட்பூச்சுள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோல் வாசனை காருக்குள் வந்தால் பின்சீட்டைத் தூக்கி, அடியிலிருக்கும் வட்ட மூடியையும் அதன் வளையத்தையும் பார்க்கச் சொல்லலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல், குழாயின் அழுத்தத்தை இறக்காமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. வீட்டில் செய்து பார்க்க வேண்டிய வேலையும் அல்ல.

ஃபில்டருக்கு வருவோம். பழைய கார்களில் அது வண்டிக்கடியில் வெளியே தெரியும்படி இருக்கும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடலாம். புதிய கார்கள் பலவற்றில் பம்ப்போடு சேர்ந்து டேங்க்குக்குள்ளேயே இருப்பதால் அதை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பம்ப்பின் ஆயுளைக் காப்பது ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. சுற்றிலும் நிற்கும் பெட்ரோல்தான் அந்த மோட்டாரைக் குளிர்விக்கிறது. எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய, இருநூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டுபவர்களின் பம்ப் சூடேறிச் சீக்கிரம் போகும். அடியில் தங்கிய கசடும் முதலில் அதற்குத்தான் போகும். கால் டேங்க்குக்குக் கீழே இறங்கவிடாத ஒரே பழக்கம், சந்தையில் விற்கும் பல பாட்டில்களைவிடப் பயனுள்ளது.

பாட்டில்களைப் பற்றி நேராகவே சொல்லிவிடலாம். பாலியீதர் அமீன் என்ற பொருள் அடங்கிய கிளீனர்கள் இன்ஜெக்டர் முனையிலும் வால்விலும் படிந்த கரியைக் கரைக்கும் என்பது உண்மை. சர்வீஸ் இடைவெளிக்கு ஒருமுறை டேங்க்கில் ஊற்றுவதில் தவறில்லை. அடைத்த ஃபில்டரையோ சோர்ந்த பம்பையோ தேய்ந்த இன்ஜெக்டரையோ எந்தப் பாட்டிலும் சரிசெய்யாது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் எஞ்சின்களில் பெட்ரோல் வால்வின் மீது படுவதே இல்லை. அங்கே படியும் கரியை டேங்க்கில் ஊற்றும் எந்த மருந்தும் தொட முடியாது. சர்வீஸ் பில்லில் தானாக வந்து ஏறிக்கொள்ளும் 'டீகார்பனைசிங்' தொகையைக் கேள்வி கேட்க உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு. எந்தக் குறைக்காக, எதை அளந்து பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டால் பல இடங்களில் பதில் வராது.

அளந்து பார்த்துச் செய்யும் வேலை எப்படி இருக்கும் என்பதை நல்ல ஒர்க்‌ஷாப்பில் காணலாம். நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சோதனை மேசையில் மாட்டுவார்கள். கீழே ஒவ்வொன்றுக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குழாய். இயக்கியதும் நான்கிலிருந்தும் சோதனை திரவம் பீய்ச்சும். நல்ல இன்ஜெக்டர் கூம்பு வடிவில் புகைபோலத் தெளிக்கும். அடைத்தது கோடாக ஒழுகும், அல்லது ஒரு பக்கமாகச் சாயும். அரை நிமிடத்தில் நான்கு குழாய்களில் மட்டம் நான்கு விதமாக நிற்பது கண்ணுக்கே தெரியும். பிறகு மீயொலித் தொட்டியில் இட்டுச் சுத்தம் செய்து, மீண்டும் மேசையில் மாட்டி மட்டத்தை ஒப்பிடுவார்கள். சுத்தம் செய்த பிறகும் மட்டம் சேராத இன்ஜெக்டரை மாற்ற வேண்டியதுதான். முன்பும் பின்பும் அளவைக் காட்டாத சுத்தத்துக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

பங்க்கில் கவனிக்க வேண்டியவை வேறு. விற்பனை விதிகளின்படி வாடிக்கையாளர் கேட்டால் ஃபில்டர் பேப்பர் சோதனை செய்து காட்ட வேண்டும். குழாய் முனையைத் துடைத்து, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுவார்கள். இரண்டு நிமிடத்தில் கறையின்றிக் காய்ந்தால் நல்லது. எண்ணெய் வளையம் தங்கினால் மண்ணெண்ணெய் போன்ற கலப்படத்தைச் சந்தேகிக்கலாம். அடர்த்தியையும் கேட்டு அறியலாம். பெட்ரோலின் அடர்த்தி பதினைந்து டிகிரி வெப்பத்தில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோவுக்குள் இருக்க வேண்டும். லாரியில் வந்தபோது குறித்த அளவிலிருந்து மூன்று கிலோவுக்கு மேல் விலகினால் சந்தேகத்துக்கு இடம். கேட்கும் உரிமை இருந்தும் கேட்பவர்கள் அபூர்வம். டேங்கர் லாரி எண்ணெய் இறக்கிக்கொண்டிருக்கும்போது அந்த பங்க்கைத் தவிர்ப்பது நல்லது. நிலத்தடித் தொட்டியின் அடிக்கசடு கலங்கும் நேரம் அது. பைப் தானாக நின்ற பிறகு 'ரவுண்டாகப் போடுங்க' என்று இன்னும் இரண்டு முறை அழுத்தச் சொல்வதும் கெட்ட பழக்கம். ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் திரவமாகவே புகுந்து அதைக் கெடுத்துவிடும்.

டீசல் காருக்குக் கவலை தண்ணீர் ஒன்றே. மைசூர் சாலையில் பிடதி ஆலையிலிருந்து வரும் இன்னோவாக்கள் ஊரின் வாடகை வண்டித் தொழிலையே தாங்குகின்றன. அவற்றின் ஓட்டுநர்களுக்கு ஃபில்டரின் அடியிலிருக்கும் வடிகுழாய் நன்றாகத் தெரியும். டேஷ்போர்டில் நீர் விளக்கு எரிந்தால் அதைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்கலாம். மேலே டீசல், கீழே தண்ணீர் என்று கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். அந்த விளக்கோடு ஓட்டினால் பம்ப்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்து, செலவு பல்லாயிரங்களில் போய் நிற்கும். டீசல் வண்டிக்குத் தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியையே திருப்பக் கூடாது. பம்ப்பை வழவழப்பாக வைத்திருப்பது டீசலின் எண்ணெய்த்தன்மைதான். தள்ளி ஓரம் கட்டி டேங்க்கைக் காலி செய்வதே வழி.

குறையை முன்கூட்டியே காட்டும் மலிவான சாட்சி எமிஷன் டெஸ்ட் சீட்டு. பி.எஸ்.4 முதலான பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். பாஸா ஃபெயிலா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடாமல், ஆண்டுக்கு ஆண்டு அந்த எண்களை ஒப்பிட்டால் எரிபொருள் பாதை கெட்டுவருவது ஷெட்டுக்குப் போகுமுன்பே தெரிந்துவிடும். சாலையில் தெரியும் அறிகுறிக்குச் சாமுண்டி மலை போதும். அடிவாரத்திலிருந்து இரண்டாம் கியரில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தியும் வேகம் பிடிக்காமல் விட்டுவிட்டு இழுத்தால், அழுத்தம் குறைந்த பம்ப்போ அடைத்த ஃபில்டரோ அடுத்து ஊட்டி மலையிலோ திம்பம் மலைப்பாதையிலோ காலை வாரிவிடும்.

இவ்வளவும் உரிமையாளர் செய்யக்கூடியவை. எந்தப் பெட்ரோல் என்று தேர்ந்தெடுப்பது மட்டும் அவர் கையில் இல்லை. எத்தனால் திட்டத்தை எதிர்ப்பது இதன் பொருளல்ல. மண்டியாவில் 1933 முதல் மைசூர் சர்க்கரை ஆலை இருக்கிறது. நஞ்சன்கூடு வட்டத்தில் பண்ணாரி அம்மன் ஆலை எரிசாராயம் வடிக்கிறது. கரும்பு விவசாயிக்கு நேரத்தில் பணம் வருவதும், இறக்குமதிச் செலவு குறைவதும் இந்த வட்டாரத்துக்கு வேண்டியவையே. பிரிட்டன் 2021 செப்டம்பரில் பத்து சதவீதக் கலப்புக்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்காக ஐந்து சதவீதப் பெட்ரோலை 'சூப்பர்' வகையில் தொடர்ந்து விற்க ஏற்பாடு செய்தது. பிரேசிலில் 2003 முதலே எந்தக் கலப்பையும் தாங்கும் கார்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. இந்தியாவில் கலப்பு முன்னால் போய்விட்டது, கார்கள் பின்னால் வருகின்றன. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது; நீதிமன்ற வழி அத்தோடு அடைபட்டது. அரசும் எண்ணெய் நிறுவனங்களும் மனம் வைத்தால் செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு நகரத்திலும் சில பங்க்குகளிலாவது ஒரு பம்பை இ10-க்கு ஒதுக்க வேண்டும். எல்லாப் பம்பிலும் எத்தனால் சதவீதத்தையும் அன்றைய அடர்த்தியையும் கண்ணில் படும்படி எழுதிப்போட வேண்டும். பழைய காரின் ரப்பர் பாகங்களை மாற்றும் செலவை, மைலேஜ் இழப்பையும் ஏற்றுக்கொண்ட உரிமையாளர் தலையிலேயே முழுதும் கட்டிவிடுவது நியாயமில்லை. கார் நிறுவனங்கள் அந்த பாகங்களைத் தொகுப்பாக, அடக்க விலைக்குத் தர முன்வர வேண்டும்.

அதுவரை, 2023-க்கு முந்தைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் அடுத்த மே மழைக்கு முன் டேங்க் மூடியின் வளையத்தையும் பெட்ரோல் டியூபையும் ஃபில்டரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.